பார்த்த மருத்துவரும் பார்க்காத மருத்துவரும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. கடந்த மார்கழியில் நான்கு நாள் காய்ச்சலோடு இருந்தவருக்கு ஒரு நள்ளிரவில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. என்னைப் பார்த்து, இறந்துபோன அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பயந்துபோய் ஆட்டோ பிடித்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்று ஆறு நாள் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். பில் 1,84,000 ரூபாய். ஒன்பது வருடமாகப் பிரீமியம் கட்டிவருகிறோம். ஆனால் காப்பீட்டு நிறுவனம், ‘நோயாளியின் நிலை சீராக இருந்தது, வெளிநோயாளியாகவே சிகிச்சை அளித்திருக்கலாம், உள்நோயாளியாகச் சேர்த்தது அவசியமற்றது என்பது எங்கள் மருத்துவக் குழுவின் கருத்து’ என்று மூன்று வரியில் மறுத்துவிட்டது. அந்தக் குழுவில் யாரும் அப்பாவைப் பார்த்ததே இல்லை. சிகிச்சை அளித்த மருத்துவரிடம் போய் நின்றேன். ‘உள்நோயாளியாகச் சேர்ப்பது அவசியமாக இருந்தது’ என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இது போதும், கோர்ட்டில் நிற்கும் என்கிறார் என் கணவர். மைத்துனரோ, அவர்களும் மருத்துவர்கள்தானே, இரண்டு மருத்துவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார், பெரிய ஆஸ்பத்திரி நிபுணரிடம் மூன்றாவது கருத்து வாங்கு என்கிறார். எங்கள் மருத்துவர், ‘கோர்ட்டுக்கு மட்டும் என்னை இழுக்காதீர்கள்’ என்று இப்போதே சொல்லிவிட்டார். யார் பேச்சுக்கு மதிப்பு? நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர், மைத்துனர் இருவர் சொல்வதும் பாதிதான் சரி. அந்த ஒரு வரிக் கடிதத்தை மட்டும் நம்பிப் போனால் நீங்கள் தோற்கக்கூடும். மூன்றாவது நிபுணரைத் தேடி அலைந்தால் செலவுதான் கூடும். உங்கள் வழக்குக்கு வேண்டிய சாட்சியத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே அந்த மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில், அதாவது படுக்கையில் இருந்த நாள்களில் அவ்வப்போது நேரம் போட்டு எழுதிய சிகிச்சைப் பதிவில், இருக்கிறது என்பது என் ஊகம். அதில் ஒரு துண்டை நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதன் மதிப்பு உங்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், மருத்துவர் சொன்னால் நீதிமன்றம் கேட்டுக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி. பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, நிபுணரின் கருத்தை நீதிமன்றம் கவனத்தில் கொள்ளலாம் என்றது. 51ஆவது பிரிவு, அந்தக் கருத்துக்கான காரணங்களும் கவனத்துக்கு உரியவை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் முதலாவது 39ஆவது பிரிவாகவும், இரண்டாவது 45ஆகவும் மாறிவிட்டன. (முப்பது வருடம் ‘நாற்பத்தைந்து’ என்று சொல்லிப் பழகிய வக்கீல்கள் இப்போது அதே எண்ணைச் சொல்லி வேறு பிரிவில் போய் நிற்கிறோம்.) நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுவதில்லை. ஆனாலும் இந்த இரண்டு பிரிவுகளின் சாரம் அங்கேயும் உண்டு. நிபுணர் ஆலோசனை சொல்பவர், தீர்ப்பு சொல்பவர் அல்ல. அவர் என்ன சொன்னார் என்பதைவிட, எதைப் பார்த்து, ஏன் சொன்னார் என்பதைத்தான் நீதிபதி எடைபோடுகிறார்.

2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரமேஷ் சந்திர அகர்வால் எதிர் ரீஜென்சி மருத்துவமனை வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கருத்துச் சொன்னது நாட்டின் தலைசிறந்த எய்ம்ஸ் மருத்துவர்கள். அதை நம்பித் தேசிய நுகர்வோர் ஆணையம் நோயாளியின் புகாரைத் தள்ளிவிட்டது. ஆனால் அந்தக் கருத்துக்கான ஆதாரங்களும் காரணங்களும் சரிவர முன்வைக்கப்படவில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. எய்ம்ஸின் பெயரே காரணத்துக்கு ஈடாகாத இடத்தில், உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் தெரியாத ‘மருத்துவக் குழு’ எந்த மூலை? அதே அளவுகோலை உங்கள் மருத்துவரின் ஒரு வரிக் கடிதத்துக்கும் வைத்துப் பாருங்கள். அதிலும் காரணம் இல்லை. காரணமில்லாத ஒரு வரிக்கு எதிரே காரணமில்லாத மூன்று வரி. உங்கள் மைத்துனர் பயப்படும் நிலை இதுதான்.

சிகிச்சை அளித்தவருக்கென்று தனி மரியாதை கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 2018 ஏப்ரலில் வந்த சிவகாந்த் ஜா தீர்ப்பை இத்தகைய வழக்குகளில் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். ஓய்வுபெற்ற மத்திய அரசு அலுவலர் ஒருவர் அவசர நிலையில், அரசுத் திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் இதயச் சிகிச்சை செய்துகொண்டார். அரசு ஒரு பகுதியை மட்டும் தந்து, மீதியைத் தர மறுத்தது. நோயாளிக்கு எப்படிச் சிகிச்சை அளிப்பது என்ற இறுதி முடிவு மருத்துவருடையது, அதில் நோயாளியோ உறவினரோ சொல்வதற்கு இடம் மிகக் குறைவு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உண்மையில் சிகிச்சை நடந்ததா, ஆவணங்கள் அதை மெய்ப்பிக்கின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது என்றும் சொன்னது. மீதித் தொகையான 4,99,555 ரூபாயைத் தர உத்தரவிட்டது. மேலோட்டமாகப் படித்தால் உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் அந்த உத்தரவை ஒட்டி இன்னொரு வரி இருக்கிறது: இந்த முடிவு இந்த வழக்குக்கு மட்டுமே உரியது. அதை வாசிக்காமல் விடுகிற வக்கீல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். உயர் நீதிமன்றங்கள் இந்தத் தீர்ப்பின் கொள்கையைப் பல வழக்குகளில் பின்பற்றியிருப்பது உண்மை. ஆனால் அது அரசு ஊழியர் மருத்துவத் திட்டம் பற்றியது. உங்களுடையது பாலிசி என்ற ஒப்பந்தம். ஆகவே தீர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பாலிசியின் வார்த்தைகளில் காலூன்றுங்கள்.

அந்த வார்த்தைகளைப் பார்ப்போம். ‘மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சை’ என்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த ஒரே விளக்கம்தான் எல்லா நிறுவனங்களின் பாலிசியிலும் இருக்கும். நோயைக் கையாள அது தேவைப்பட்டிருக்க வேண்டும். அளவிலும் நாளிலும் தீவிரத்திலும் தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும். ஒரு மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். மருத்துவ உலகம் பரவலாக ஏற்கும் முறைக்கு ஒத்திருக்க வேண்டும். நான்கே நிபந்தனைகள். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் சம்மதிக்க வேண்டும் என்ற ஐந்தாவது நிபந்தனை எதுவும் அதில் இல்லை. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் விளக்கங்கள் என்ற பகுதியில் இது இருக்கும். பென்சிலால் கோடிட்டு வையுங்கள்.

இப்போது கேஸ் ஷீட்டுக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியும் கேஸ் ஷீட்டும் ஒன்றல்ல. சம்மரி என்பது வீட்டுக்கு அனுப்பும் நாளில், பெரும்பாலும் பயிற்சி மருத்துவர் ஒருவர், கணினியில் இருக்கும் அச்சில் நிரப்பித் தரும் இரண்டு பக்கம். ‘பொது நிலை: சீர்’ என்பது அந்த அச்சிலேயே இருக்கும். உங்கள் அப்பாவின் நிலை சீராக இருந்தது என்று காப்பீட்டு நிறுவனம் எங்கிருந்து எடுத்தது என்று நினைக்கிறீர்கள்? வீட்டுக்கு அனுப்பும் நாளில் சீராக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்!

சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய வழக்கு ஒன்று. ஊர், பெயர் வேண்டாம். வயதான விவசாயி, மூச்சுத்திணறலோடு சேர்ந்தவர். நிறுவனத்தின் வக்கீல் சம்மரியிலிருந்த ‘சீர்’ என்ற சொல்லை நுகர்வோர் ஆணையத்தின் முன் மூன்று முறை வாசித்தார். என்னிடம் மருத்துவரின் நீண்ட சான்றிதழ் இருந்தது. ஆனால் அது நிராகரிப்பு வந்த பிறகு எழுதப்பட்டது. தலைவர் அதை ஒரு தடவை புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு கேஸ் ஷீட்டின் நகலில் பத்தொன்பதாவது பக்கத்தைக் காட்டினேன். செவிலியர் ஒருவர் நீல மையில், சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார்: அதிகாலை 2.40, ஆக்சிஜன் அளவு 86, மூச்சு நிமிடத்துக்கு 34, மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அடுத்த வரி 2.55: முகமூடி வழி ஆக்சிஜன் தொடங்கப்பட்டது. தலைவர் அந்தப் பக்கத்தை எதிர்த்தரப்பு வக்கீலிடம் நீட்டி, ‘இந்த நேரத்தில் இவரை எந்த வெளிநோயாளிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டார். அந்தச் செவிலியருக்கு இப்படி ஒரு வழக்கு நடந்ததே தெரியாது. கிளெய்ம் பற்றிய நினைப்பே இல்லாமல், நடக்கும்போது எழுதப்பட்டது என்பதுதான் அந்த எழுத்தின் பலம்.

உங்கள் அப்பா உங்களைப் பார்த்து இறந்துபோன அத்தையின் பெயரைச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? நான் முதலில் சொன்ன துண்டு அதுதான். அதை நீங்கள் பயத்தின் கதையாகச் சொல்கிறீர்கள். மருத்துவத்தில் அது ஓர் அறிகுறி. நிமோனியா நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் உலகெங்கும் ‘கர்ப் 65’ என்ற மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறார்கள். திடீர் மனக்குழப்பத்துக்கு ஒன்று. இரத்தத்தில் யூரியா கூடியிருந்தால் ஒன்று. மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று. இரத்த அழுத்தம் குறைந்திருந்தால் ஒன்று. வயது 65 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று. இரண்டு வந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் கடுமையான நிமோனியா என்பது கணக்கு. வயதுக்கு ஒன்று உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அன்றிரவு பணியில் இருந்தவர் ‘ஆள் அடையாளம் தெரியவில்லை’ என்றோ ‘குழப்பமாக இருக்கிறார்’ என்றோ குறித்திருந்தால் இரண்டு. மூச்சு வாங்கியதாகச் சொல்கிறீர்கள். அந்த எண்ணிக்கை 30ஐத் தொட்டிருந்தால் மூன்று. ஆக்சிஜன் கொடுக்க நேர்ந்தது இந்தக் கணக்கில் சேராத தனிக் காரணம்.

ஆகவே முதல் வேலை, மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து முழுக் கேஸ் ஷீட்டையும் கேளுங்கள். செவிலியர் குறிப்பு, காய்ச்சல் மூச்சு ஆக்சிஜன் அட்டவணை, மருந்து அட்டவணை, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் வேண்டும். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். ‘சம்மரி கொடுத்துவிட்டோமே’ என்பார்கள். சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் வந்த பிறகு மருத்துவரிடம் போங்கள். சான்றிதழ் கேட்காதீர்கள். காரணம் கேளுங்கள். வந்தபோது என்ன கண்டார், எந்த நேரத்தில், மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாதது ஏன், ஆறு நாள் எதற்கு. ஒவ்வொன்றுக்கும் கேஸ் ஷீட்டின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். இதை எழுத அவருக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் அவரைக் கோர்ட்டுப் படியேறாமல் காப்பாற்றும் என்று சொல்லிப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் பொதுவாக நடக்கும். எதிர்த்தரப்புக்குச் சந்தேகம் இருந்தால் கேள்விகளை எழுதிக் கொடுத்து எழுத்திலேயே பதில் பெறுவதும் உண்டு. நேரில் வரவேண்டிய நிலை வந்தாலும் காணொளி வழி வரலாம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

ஒன்று மட்டும் வேண்டாம். கேஸ் ஷீட்டில் இல்லாததைச் சேர்த்து எழுதச் சொல்லாதீர்கள். அன்பின் மிகுதியில் சில மருத்துவர்கள் தாங்களாகவே முன்வருவார்கள், தடுத்துவிடுங்கள். மேலெழுதிய ஒரே ஓர் எண் மொத்தக் கோப்பையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அந்த மருத்துவரின் தொழில் பதிவுக்கே ஆபத்து வரும். அந்தக் குழப்பத்தைச் செவிலியர் குறிக்காமல் விட்டிருந்தால், நீங்களே உங்கள் பிரமாணப் பத்திரத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். மகள் கண்டதும் சாட்சியம்தான்.

மூன்றாவது நிபுணர் வேண்டுமா? என் கருத்து, இப்போது வேண்டாம். நிபுணர் சாட்சியம் இல்லாவிட்டால் மருத்துவ வழக்கே நிற்காது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. அந்த வழக்கே ஒரு விநோதம். புகார்தாரர் மலேரியா ஒழிப்புத் துறை அலுவலர். அவருடைய மனைவிக்குக் குளிர்காய்ச்சல். மருத்துவமனை மலேரியாவை விட்டுவிட்டு டைபாய்டுக்குச் சிகிச்சை அளித்தது, மனைவி இறந்துபோனார். மாவட்ட நுகர்வோர் மன்றம் கொடுத்த 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டை, நிபுணர் சாட்சியம் இல்லை என்று மாநில நுகர்வோர் ஆணையம் தள்ளியது. உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை, விஷயம் சிக்கலாக இருந்தால் மட்டும் தேவை என்றது. அது மருத்துவக் கவனக்குறைவு வழக்கு. உங்களுடையதோ அதைவிட எளிது. உங்கள் மருத்துவர் தவறு செய்தார் என்று நீங்கள் சொல்லவில்லை, சரியாகச் செய்தார் என்கிறீர்கள். இந்த மூன்றாவது நிபுணரும் அப்பாவைப் பார்க்காதவர்தானே? நிறுவனத்தின் மருத்துவர் மீது நீங்கள் சொல்லும் அதே குறை அவர் மீதும் வரும்.

பார்க்காமல் சொன்னது என்பதற்காக மட்டும் ஒரு கருத்து செல்லாமல் போய்விடாது, இதையும் மனதில் வையுங்கள். ஆவணங்களை முழுமையாகப் படித்துக் காரணத்தோடு எழுதப்பட்ட கருத்துக்கு எடை உண்டு. ஆகவே நிறுவனத்தைக் கேளுங்கள்: அந்த மருத்துவர் யார், என்ன படித்தவர், பதிவு எண் என்ன, எந்தெந்தத் தாள்களைப் பார்த்தார். அவரிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பது இதைவிட முக்கியம். 2024இல் மும்பைச் சிறுமி ஒருத்தியின் கருக்கலைப்பு வழக்கில் இது நன்றாக வெளிப்பட்டது. முதல் மருத்துவ வாரியம் கருவின் வளர்ச்சியையும் வாரக் கணக்கையும் பற்றி எழுதியது. கர்ப்பத்தைத் தொடர்ந்தால் அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணின் உடலும் மனமும் என்னவாகும் என்று ஒரு சொல் இல்லை. உச்ச நீதிமன்றம் வேறு மருத்துவமனையின் வாரியத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்டது. வேறு பதில் வந்தது. உங்கள் விஷயத்தில், ‘இவருக்கு வீட்டுக்குப் போகும்போது எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ஒரு பதில் வரும். ‘அதிகாலையில் வந்து நின்றபோது இவரைத் திருப்பி அனுப்புவீர்களா?’ என்று கேட்டால் இன்னொன்று வரும்.

2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மூன்று பேர் கொண்ட மறுஆய்வுக் குழுவோ அதற்கு மேலுள்ள குழுவோ ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. அந்த ஒப்புதலின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நல்லதுதான். கேட்டும் தரவில்லை என்பதைப் புகாரில் ஒரு பத்தியாக எழுதலாம்.

உங்கள் பக்கத்தில் எனக்கிருக்கும் கவலையையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள்களைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. ஐந்தாவது, ஆறாவது நாள்தான் யோசனை. காய்ச்சல் இறங்கி, ஆக்சிஜன் இல்லாமல் இருந்து, ஊசி மருந்தும் மாத்திரையாக மாறிய பிறகு வைத்திருந்தார்கள் என்றால், ‘நாளில் தேவைக்கு மிஞ்சாமல்’ என்ற நிபந்தனையைக் காட்டி அந்த நாள்களின் தொகையை வெட்டலாம். அது நியாயமாகவும் இருக்கலாம். மருந்து அட்டவணையைப் பார்த்து, ஊசி எந்தத் தேதி வரை போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்த்தால் பணம் கிடையாது என்ற விலக்கு எல்லா பாலிசியிலும் உண்டு. அந்த அடியை அவர்கள் வைப்பார்கள். ஆக்சிஜனும் நரம்புவழி மருந்தும் ஓடியிருக்கும்போது அது நிற்காது.

எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுபடியும் மறுப்பு என்றால், சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் குறைதீர் அதிகாரியிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் இல்லை. (எங்களுக்கு அங்கே அனுமதி கிடையாது, அதனால்தானோ என்னவோ சீக்கிரம் முடிகிறது.) 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் அதன் பிறகும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வரிசையை மாற்றிவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆணையத்தின் அதிகார எல்லையும் கட்டணமும் நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், உங்களுக்குக் கட்டணம் எதுவும் வராது.

இரண்டு இடத்துக்கும் காலக்கெடு உண்டு. ஆம்புட்ஸ்மேனுக்கு, நிறுவனம் கடைசியாக மறுத்ததிலிருந்து ஒரு வருடம். நுகர்வோர் ஆணையத்துக்கு, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடம். மறுப்புக் கடிதத்தின் தேதியை நீங்கள் எழுதவில்லை. மார்கழி என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். எந்த வருட மார்கழி? இன்றே அந்தக் கடிதத்தை எடுத்து மேல் வலது மூலையைப் பாருங்கள்.